காற்றுக் குழலும் கடல் தாங்குதிறனும்: சிங்கப்பூர் நீர்ப்பரப்பில் சொகுசு ரிப் படகுகளை மதிப்பிடும் முறை

அடிப்பகுதி கண்ணாடியிழையாலோ அலுமினியத்தாலோ கெட்டியாகவும், விளிம்பைச் சுற்றிக் காற்று அடைத்த குழல் ஓடுவதாகவும் அமைந்த படகை ரிப் என்கிறார்கள். மீட்புப் பணிக்கென்று பிறந்த இந்த வடிவம் கடந்த சில பத்தாண்டுகளில் மெத்தை இருக்கை, வெயில் படுக்கை, குளிர்பெட்டி, மேற்கூரை எல்லாம் ஏற்றுக்கொண்டு செல்வந்தர் படகாக மாறிவிட்டது. செந்தோசா கோவ் பகுதியில் உள்ள ஒன் டிகிரி 15 மரீனா போன்ற படகுத் துறைகளில் இத்தகைய படகுகளை விலை பேசுவோர் இரண்டு கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒன்று வேகம்; மற்றொன்று, எவ்வளவு பெரிய அலையைத் தாங்கும் என்பது. இரண்டாவது கேள்வி முறையானதாகத் தோன்றினாலும் சிங்கப்பூருக்குப் பொருந்தாதது என்பது இக்கட்டுரையின் வாதம். கடல் தாங்குதிறன் என்பது உடற்கூட்டுக்குள் அடைத்து விற்கப்படும் பண்பு அன்று. படகு, அது சுமக்கும் பாரம், அது ஓடும் நீர் ஆகிய மூன்றுக்கும் இடையிலான உறவு. அந்த உறவில், சொகுசு என்று சேர்க்கப்படுபவற்றில் கணிசமான பகுதி, குழல் தரும் கையிருப்பைத் தின்றே இடம் பிடிக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள வடிவத்தின் பிறப்பைப் பார்க்க வேண்டும். வேல்ஸ் கடற்கரையில் 1962-இல் தொடங்கிய அட்லாண்டிக் கல்லூரியின் முதல் தலைவர் ரியர் அட்மிரல் டெஸ்மண்ட் ஹோர். பாய்மரம் பழகும் மாணவர்களுக்குக் காவலாகச் செல்ல அங்கே காற்றுப் படகுகளைப் பயன்படுத்தினர். துணியால் ஆன அவற்றின் அடிப்பகுதி கூழாங்கற் கரையில் தேய்ந்து போனது. அதனால் மரப்பலகையால் அடித்தளம் ஒட்டிப் பார்த்தனர். பல ஆண்டுகள் மாணவர்களே கட்டி, உடைத்து, மறுபடி கட்டிய சோதனைகளின் விளைவுதான் ரிப். காப்புரிமை பிரிட்டனின் உயிர்காப்புப் படகுக் கழகத்துக்கு ஒரு பவுண்டுக்குத் தரப்பட்டது. அந்தக் கழகம் 1972-இல் பணியில் இறக்கிய அட்லாண்டிக் 21 படகின் பெயரிலேயே கல்லூரியின் நினைவு இருக்கிறது. ஆக, இந்தப் படகின் ஒவ்வொரு வளைவும் ஒரு தேவையிலிருந்து வந்தது. அலங்காரமாக எதுவும் அதில் இல்லை.

அந்த வளைவுகளில் இரண்டு ஒன்றையொன்று நம்பி நிற்கின்றன. ஆங்கில 'வி' எழுத்தைப் போல் ஆழச் சரியும் அடித்தளம், வேகத்தில் அலைமேல் விழும்போது தண்ணீரை அறையாமல் பிளக்கிறது. ஹெர்பெர்ட் வாக்னர் 1932-இல் வகுத்த கோட்பாட்டின்படி கணக்கிட்டால், அடிச்சாய்வு 24 பாகையாக உள்ள படகைவிட 16 பாகை உள்ள படகின் அடியில் விழும் உச்ச அழுத்தம் இரண்டு மடங்குக்கும் மேல். முதுகெலும்புக்கு இது சிறிய வேறுபாடு அன்று. ஆனால் ஆழச் சரிந்த அடித்தளம் நின்ற நிலையில் தள்ளாடும். ஒருவர் ஓரத்துக்கு வந்தாலே சாயும். இந்தக் குறையைத் தீர்ப்பதுதான் குழலின் வேலை. நின்ற நிலையில் நீரைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் குழல், படகு சாயத் தொடங்கியதுமே நீரில் அழுந்தி எதிர்த்துத் தள்ளுகிறது. வேகம் பிடித்ததும் நீரை விட்டு எழுந்துவிடுகிறது. ஆழ்ந்த அடித்தளத்தைத் தைரியமாகப் பயன்படுத்த உரிமை தருவதே குழல்தான். சொகுசு வடிவமைப்பு முதலில் கைவைப்பது இங்கே. உள்ளிடம் அகல வேண்டும், பக்கத்தோற்றம் மெலிந்து நீள வேண்டும் என்பதற்காகக் குழலின் விட்டத்தைக் குறைக்கிறார்கள். அல்லது நீர்மட்டத்திலிருந்து ஒரு சாணுக்கு மேல் உயர்த்திவிடுகிறார்கள். அப்போது குழல் துறைமேடையில் உரசாமல் காக்கும் மெத்தையாகச் சுருங்கிப் போகிறது. பெயர் ரிப்; பண்பு சாதாரண வேகப்படகு. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, ஆனால் ரிப்புக்குரிய விலையையும் நற்பெயரையும் அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை.

படகை அதன் நீரோடு சேர்த்தே எடைபோட வேண்டும் என்பது தமிழருக்குப் புதிய பாடம் அன்று. சென்னையில் செயற்கைத் துறைமுகம் கட்டப்படும் முன், நங்கூரமிட்ட கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கியவை மசூலாப் படகுகள். பலகைகளை ஆணியால் அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்த அந்தப் படகுகளுக்கு உள்ளே விலாச்சட்டம் கிடையாது. கரைமோதும் அலையில் கப்பல்களின் கெட்டியான சிறுபடகுகள் உடைந்த இடத்தில், இவை வளைந்து கொடுத்துப் பிழைத்தன. அதே மசூலாவை ஆழ்கடலுக்குக் கொண்டுபோகும் மடமை யாருக்கும் வரவில்லை. கட்டுமரமோ தண்ணீரை உள்ளே விடக்கூடாது என்ற கவலையே இல்லாதது. ஏறிய நீர் இடுக்கு வழியே தானே இறங்கிவிடும். வளைந்து கொடுக்கும் விளிம்பு, தானே வடியும் தளம் என ரிப்பின் இரண்டு அடிப்படைக் கருத்துகளும் சோழமண்டலக் கரையில் வேறு பொருளில் வேறு வடிவில் இருந்தவையே. (ஹோர் அங்கிருந்து கற்றார் என்று இதற்குப் பொருள் இல்லை, ஒரே வகைச் சிக்கலுக்கு ஒரே வகைத் தீர்வு தோன்றியது, அவ்வளவுதான்.) அந்தக் கரையிலிருந்து வந்த சூலியர்கள் தொடக்ககாலச் சிங்கப்பூர் ஆற்றில் படகோட்டிகளாக இருந்தார்கள், 1822-இன் நகர்த் திட்டத்தில் அவர்களுக்கென்று தனிப் பகுதியே குறிக்கப்பட்டது. ஆனால் அந்த ஆற்றில் நிலைத்தது மசூலா அன்று, தட்டையான வயிறு கொண்ட தொங்கான்தான். நீர் மாறியது, படகும் மாறியது.

அப்படியானால் சிங்கப்பூரின் நீர் எத்தகையது? சுமத்ராவும் ரியாவ் தீவுகளும் அரணாக நிற்பதால் பெருங்கடலின் நீண்ட அலை இங்கு வந்து சேர்வதில்லை. சராசரி அலையுயரத்தை மட்டும் பார்ப்பவர் இதைக் குளம் என்றே சொல்வார். ஆனால் உலகின் மிக நெருக்கமான கப்பல் வழிகளில் ஒன்று இந்த நீரிணை வழியே போகிறது. பாத்தாம் செல்லும் வேகப் படகுகள், இழுவைப் படகுகள், எண்ணெய் வழங்கும் படகுகள் என ஒவ்வொன்றும் தன் பின்னே அலை இழுத்துச் செல்கிறது. கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலத்தின் கல்லணைகளிலும் கடற்சுவர்களிலும் மோதும் அந்த அலைகள் அடங்காமல் திரும்பி வருகின்றன. விளைவு, திசை தெரியாத, குட்டையான, செங்குத்தான அலைக் குழப்பம். காற்றால் எழும் அலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. படகோட்டி அதன் தாளத்தைப் பிடித்துக்கொள்ளலாம். கப்பல் எழுப்பும் அலைக்கு அது கிடையாது. அமைதியான நீரில் 30 நாட் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது மூன்றே அலைகள் குறுக்கே வந்து போகும். அந்த மூன்றில் அணியத்து வெயில் படுக்கையில் படுத்திருப்பவர் காற்றில் தூக்கி எறியப்படலாம்.

இரண்டாவது, சுமத்ரா சூறை. பெரும்பாலும் ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியலுக்கு முன்னோ காலையிலோ மேற்கிலிருந்து வரும் இந்த இடிமழை வரிசையில் காற்றின் வீச்சு மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை போவது வழக்கம். 2024 செப்டம்பர் 17-இல் தெங்காவில் பதிவான வீச்சு 83.2 கிலோமீட்டர். சூறை நீண்ட நேரம் நீடிப்பதில்லை. அது ஓடி வரும் நீர்ப்பரப்பும் குறுகியது. ஆகவே மலைபோல் அலை எழாது. படகைச் சோதிப்பது இங்கே அலையைவிடக் காற்றுதான்.

இங்கு ஒரு மறுப்பு எழும். ஐரோப்பியச் சட்டம் படகுகளை ஏ, பி, சி, டி என்று வகைப்படுத்துகிறது. சி வகைக்கு போஃபோர்ட் அளவில் 6 வரை காற்றும் 2 மீட்டர் வரை அலையும். பி வகைக்கு 8 வரை காற்றும் 4 மீட்டர் வரை அலையும். பி முத்திரை பெற்ற படகு சிங்கப்பூருக்குப் போதாதா? அலையைப் பொறுத்தவரை போதும், தாராளமாகவே போதும். ஆனால் அந்த முத்திரை குறிப்பிட்ட பாரத்துக்கும் குறிப்பிட்ட ஆள் எண்ணிக்கைக்கும் கொடுக்கப்படுவது. ஒருவருக்கு 75 கிலோ என்று கணக்கிடப்படும். 12 பேர் என்றால் 900 கிலோ. விடுமுறை நாளில் லாசரஸ் தீவுக்குப் புறப்படும் ஒரு குடும்பத்தோடு பனிக்கட்டிப் பெட்டிகளும், துடுப்புப் பலகைகளும், லிட்டில் இந்தியாவில் வாங்கிய பிரியாணிப் பொட்டலங்களும் ஏறும். அவை எங்கே வைக்கப்படுகின்றன என்பதை முத்திரை கவனிப்பதில்லை. அது ஒரு கீழ்வரம்பு. இரண்டு பி வகைப் படகுகளில் ஒன்று மற்றொன்றைவிட எவ்வளவு நல்லது என்பதை அது சொல்லாது; சொல்வதாக அது கோரவும் இல்லை.

காற்றின் தாக்கத்தை ஒரு கணக்கால் காட்டலாம். மேற்கூரை, கண்ணாடித் தடுப்பு, அமர்ந்திருக்கும் மனிதர் எல்லாம் சேர்ந்து பக்கவாட்டில் 6 சதுர மீட்டர் பரப்பு என்று கொள்வோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வீச்சு அதன்மேல் ஏறத்தாழ 185 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தரும். அது நீர்மட்டத்திலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் செயல்பட்டால், மூன்று பேர் ஒரே நேரத்தில் ஒரு மீட்டர் ஓரத்துக்கு நகர்ந்ததற்குச் சமம். தாழ்ந்த குழல் உள்ள படகு இதைப் பொருட்படுத்தாது. உயர்த்தப்பட்ட குழலும், மேலே கனத்த கூரையும், பயந்து ஒரு பக்கம் ஒதுங்கும் பயணிகளும் சேரும்போது கணக்கு வேறாகிறது. அதற்காகக் கூரையே வேண்டாம் என்று சொல்வதும் நியாயமன்று. நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் பாகை வடக்கே உள்ள ஊரில் நிழல் ஆடம்பரப் பொருள் இல்லை. வெயிலில் களைத்த ஓட்டுநர் எந்தப் படகையும் ஆபத்தாக்கிவிடுவார். நல்ல இருக்கைக்கும் இதே நியாயம் பொருந்தும்: அதிர்ச்சியை வாங்கும் இருக்கை சொகுசும் பாதுகாப்பும் ஒன்றான இடம். பிரச்சினை சொகுசில் இல்லை, அதன் எடை எவ்வளவு உயரத்தில், எவ்வளவு முன்னால் வைக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது. அணியத்தில் பாரம் கூடினால், பின்னாலிருந்து வரும் அலையில் அணியம் கவிழ்ந்து, படகு சுக்கானுக்குக் கட்டுப்படாமல் சட்டென்று பக்கவாட்டில் திரும்பிவிடும். மறுமுனையில், 2021-இல் வந்த மெர்குரி வெராடோ 600 குதிரைத்திறன் இயந்திரம் ஒன்றே 570 கிலோவுக்கு மேல். இரண்டைப் பின்பலகையில் மாட்டிவிட்டு நின்ற நிலையில் பின்புறம் தாழ்கிறதே என்று வியப்பதில் பொருளில்லை.

அடுத்தது வெப்பம். இதை மத்தியதரைக்கடலுக்காக எழுதப்படும் மதிப்புரைகள் போதிய அளவு எடுத்துப் பேசுவதில்லை. குழலில் பொதுவாக 0.25 பார் அளவுக்குக் காற்று அடைக்கிறார்கள். 27 பாகை வெப்பத்தில் காலையில் அடைத்த குழல், நடுப்பகலில் உள்காற்று 57 பாகைக்குச் சூடேறினால், கனஅளவு மாறாது என்ற கணக்கில் 0.38 பார் வரை இறுகும். துணி சற்று விரிவதால் உண்மையில் கொஞ்சம் குறையும். இறுக்கம் தாளாமல் தையல் விடக்கூடாது என்று பல படகுகளில் அழுத்தம் தணிக்கும் வால்வு பொருத்துகிறார்கள். மிகுதிக் காற்று வெளியேறி மறுபடி 0.25-இல் நிற்கிறது. இப்போது சூறை வருகிறது. குளிர்மழை குழலை நனைத்து உள்காற்றை 27-க்கே இறக்கினால், மீதமிருப்பது ஏறத்தாழ 0.135 பார், பாதிக்குச் சற்றே மேல். குழல் மிதக்காமல் போய்விடாது, ஏனெனில் அது அழுந்தும் ஆழத்து நீரழுத்தம் இதைவிடப் பல மடங்கு குறைவு. ஆனால் காற்றுக் குழல் வளைவை எதிர்த்து நிற்கும் வலிமை உள்ளழுத்தத்துக்கு நேர்விகிதம், அதுவும் பாதியாகிவிடுகிறது. தளர்ந்த குழல் அலை அடிக்கும்போது மடங்குகிறது, ஒட்டுவரிசையைப் பிய்த்து இழுக்கிறது. குழல் மிகவும் தேவைப்படும் அரைமணி நேரத்தில்தான் அது மிகவும் தளர்ந்திருக்கிறது. அழகுக்காகக் கரும்சாம்பல் நிறக் குழல் தேர்ந்தெடுப்பவர் இந்த வேறுபாட்டை இன்னும் பெரிதாக்குகிறார். துணி பிவிசியா ஹைபலான் வகை ரப்பரா என்ற பழைய விவாதத்தில், வெயில் தாங்குவதில் இரண்டாவதே மேல் என்பதற்கு மேல் இங்கு பேச அதிகமில்லை.

இன்னொரு மறுப்பையும் சந்திக்க வேண்டும்: ரிப் மூழ்காது, கரை எப்போதும் கண்ணில் தெரிகிறது, இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்பது. மூழ்காமையும் கடல் தாங்குதிறனும் ஒன்றல்ல. தளம் நிறைய நீரோடு மிதக்கும் படகு, இயந்திரம் நின்று, நீரிணையின் கப்பல் வழிக்குள் அடித்துச் செல்லப்பட்டால் அதன் மிதப்பு மட்டும் அதைக் காப்பாற்றிவிடாது. 20 மீட்டருக்குக் குறைந்த படகு, குறுகிய வழியில் மட்டுமே செல்லக்கூடிய கப்பலுக்குத் தடையாக இருக்கக்கூடாது என்று பன்னாட்டு மோதல் தவிர்ப்பு விதிகள் சொல்கின்றன; இயற்பியலும் அதையேதான் சொல்கிறது, இன்னும் கடுமையாக. கரை தெரிவது உதவி வருவதற்கான உறுதி. கப்பல் நின்று வழிவிடும் என்பதற்கான உறுதி அன்று. சிங்கப்பூரில் இயந்திரப் படகு ஓட்ட உரிமம் கட்டாயம் என்பதும் இங்கு ஓரளவுக்கே ஆறுதல், ஏனெனில் உரிமம் ஓட்டுநரைச் சோதிக்கிறது, பாரம் ஏற்றிய படகை அன்று.

ஆகவே சிங்கப்பூரில் வாங்கப்படும் ரிப்பைச் சோதிக்கும் இடமும் நேரமும் மாற வேண்டும். இரண்டு விற்பனையாளர்களோடு, அரைத் தொட்டி எரிபொருளோடு, காலை அமைதியில் குசு தீவைச் சுற்றி வருவது படகின் வேகத்தை மட்டுமே காட்டும். பட்டியலிட்ட அத்தனை பேரையும், அத்தனை பாரத்தையும் ஏற்றி, நின்ற நிலையில் எல்லோரும் ஒரு பக்கம் வந்து நிற்கும்போது குழல் எந்த நொடியில் நீரைத் தொடுகிறது என்று பார்க்க வேண்டும். பாத்தாம் படகு கடந்து போன தடத்தைக் குறுக்காக இரு வேகங்களில் வெட்டிப் பார்க்க வேண்டும். பிற்பகல் வெயிலில் மூன்று மணி நேரம் கட்டிவைத்த படகின் குழலில் அழுத்தமானி ஒன்றைச் செருகி அளந்து, குழாய்நீரால் நன்றாக நனைத்து, மறுபடி அளக்க வேண்டும். அழுத்தமானிக்கு ஆகும் செலவு அந்தப் படகின் ஒரு மெத்தை உறைக்கும் காணாது.