ஒரு நூல் பிறக்க ஏழாண்டு: தரங்கம்பாடி அச்சுக்கூடத்தின் நாள்கணக்கு



சென்ற மாதம் கூலாயில் உள்ள எங்கள் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் நடைபெற்றது. மாணவர்கள் எழுதிய சிறுகதைகளைத் தொகுத்து நூலாக வெளியிட வேண்டும் என்று தந்தை ஒருவர் முன்மொழிந்தார். அனைவரும் கைதட்டி வரவேற்றனர். நானும் மகிழ்ந்தேன். அடுத்து அவர் சொன்னதுதான் என்னைத் திகைக்க வைத்தது. "பரிசளிப்பு விழாவுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது டீச்சர். கணினியில் தட்டச்சு செய்து அச்சகத்தில் கொடுத்துவிட்டால் ஒரே வாரத்தில் நூல் கைக்கு வந்துவிடும்."

ஆறு வாரத்தில் முடியாது என்றேன். ஏன் முடியாது என்பதை விளக்க அன்று நேரமில்லை. கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும் வேளையில் இரண்டு தாய்மார்கள் கேட்டனர். அப்போதும் சரியாகச் சொல்ல இயலவில்லை. அதனால்தான் இக்கட்டுரை.

எனக்கு ஒரு பழைய வடு உண்டு. 2011ஆம் ஆண்டில் மாணவர் படைப்புகளைத் தொகுத்து ஒரு மலர் கொண்டு வந்தோம். மூன்றே வாரத்தில் முடிக்க வேண்டிய நெருக்கடி. மெய்ப்புத் திருத்த எனக்குக் கிடைத்தது ஒரே ஓர் இரவு. விழா நாளன்று காலையில் கட்டுகள் வந்து இறங்கின. பிரித்துப் பார்த்தால், ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் கதையில் இறுதிப் பத்தியைக் காணவில்லை! பக்கம் நிறைந்துவிட்டதால் அச்சகத்தில் வெட்டியிருந்தனர். கடைசி மெய்ப்பை நான் பார்க்கவில்லை. பிழை அச்சகத்தாருடையது மட்டுமன்று, என்னுடையதும்தான்.

ஒரு நூல் உருவாகும் படிநிலைகளை மாணவர்களுக்கு விளக்கும்போதெல்லாம் நான் எடுத்துக்காட்டுவது தரங்கம்பாடியைத்தான். தமிழகத்தின் கிழக்குக் கரையில் உள்ள சிற்றூர் அது. 1620 முதல் டென்மார்க் நாட்டவரின் வணிகக் கோட்டை அங்கிருந்தது. அந்த ஊரில் 1715ஆம் ஆண்டு ஒரு தமிழ் நூல் அச்சாகி முடிந்தது. கிறித்துவ வேதத்தின் இரண்டாம் பகுதியாகிய புதிய ஏற்பாட்டின் தமிழாக்கம் அது. நாம் எச்சமயத்தவராயினும், அச்சுத்தொழிலின் வரலாற்றை அறிய விரும்பினால் அந்நூலின் கதையைப் படித்தே ஆக வேண்டும். காரணம், அதன் ஒவ்வொரு கட்டமும் நாளோடும் ஆண்டோடும் பதிவாகியிருக்கிறது.

தமிழ் அச்சேறியது அப்போதுதான் முதன்முறை என்று எண்ணிவிட வேண்டாம். 1578லேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்கச் சிறுநூல் தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. ஆயினும் அந்தத் தொழில் இடையறாது தொடரவில்லை. தரங்கம்பாடியினர் எழுத்து வார்ப்பதிலிருந்தே மறுபடியும் தொடங்க வேண்டியிருந்தது.

1706 சூலை 9ஆம் நாள் பர்த்தலோமேயு சீகன்பால்கு என்னும் செருமானிய இளைஞர், தோழர் புளூட்சோவுடன் அங்கு வந்து இறங்கினார். அகவை இருபத்து நான்கு நிறையவில்லை. தமிழில் ஓர் எழுத்தும் அறியார். அவர் தமிழ் கற்ற விதம் நம்மைப் போன்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு மிகவும் பிடித்துப் போகும். முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் மாணவர்களுடன் தாம் தங்கியிருந்த வீட்டிற்கே வரவழைத்தார். பின்பு அந்தப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அகர வரிசை எழுதிப் பழகினார். அழகப்பன் என்ற பன்மொழி அறிந்த தமிழர் அவருக்குத் துணைநின்றார். ஏட்டுச்சுவடிகளையும் தேடித்தேடிச் சேர்த்தார். 1708இல் அவர் உருவாக்கிய பட்டியலில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்கள் இடம்பெற்றிருந்தன. ஆக, எழுதத் தொடங்கும் முன்னரே இரண்டாண்டுப் படிப்பு! நூல் வெளியீட்டின் முதற்கட்டம் இதுதான் என்பேன். இதை எந்த அட்டவணையிலும் எவரும் சேர்ப்பதில்லை.

1708 அக்டோபர் 17ஆம் நாள் மொழிபெயர்ப்பு தொடங்கியது. ஒரு மாதம் கடந்திருக்கும். கோட்டைத் தளபதியோடு ஏற்பட்ட பிணக்கினால் சீகன்பால்கு சிறையில் அடைக்கப்பட்டார். நான்கு மாதத்திற்குப் பிறகு, 1709 மார்ச்சு மாதத்தில்தான் வெளியே வந்தார். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து 1711 மார்ச்சில் மொழிபெயர்ப்பை நிறைவு செய்தார். எழுதி முடிக்க ஏறக்குறைய இரண்டரை ஆண்டு.

இனி அச்சிட வேண்டியதுதானே என்று தோன்றும். அச்சிட அங்கே என்ன இருந்தது? ஒன்றுமில்லை. பொறி இல்லை, எழுத்து இல்லை, தாள் இல்லை, மை இல்லை. எழுத்தர்களைக் கூலிக்கு அமர்த்தி ஓலையில் படியெடுத்துக் கொண்டிருந்தனர். படியெடுக்கும் பணி எப்படிப்பட்டது என்று மாணவர்களின் குறிப்பேடுகளைத் திருத்தும் நமக்கா தெரியாது? வெண்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதச் சொன்னாலே முப்பது மாணவர்கள் முப்பது விதமாக எழுதுகின்றனர். மேலும் ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் அருகிப் போயிருந்தது. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே எழுதப்பட்டன. படிப்பவரே இடம் நோக்கிப் புரிந்துகொள்ள வேண்டும்.

அச்சுப்பொறி இலண்டனிலிருந்து வந்தது. அங்கே 1698இல் தோற்றுவிக்கப்பட்ட கிறித்துவ அறிவுப் பரப்புக் கழகம் ஒரு பொறியையும் உரோமன் எழுத்துகளையும் தாளையும் 1711இல் கப்பலில் ஏற்றியது. யோனாஸ் ஃபிங்க் என்ற அச்சுப் பணியாளரும் உடன் புறப்பட்டார். வழியில், பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோவில் கப்பல் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கியது. ஒருவழியாக மீண்டு பயணத்தைத் தொடர்ந்தபோது, நன்னம்பிக்கை முனைக்கு அருகே ஃபிங்க் நோயுற்று இறந்து போனார். 1712இல் பொறி வந்து சேர்ந்தது. அதை இயக்கத் தெரிந்தவர் வரவில்லை. நல்லவேளையாகக் கோட்டைப் படைவீரர் ஒருவருக்கு அச்சுத்தொழில் தெரிந்திருந்தது. அவரைக் கொண்டு போர்த்துகீசிய மொழியில் சில அச்சிட்டனர். தமிழில் அச்சிட இயலவில்லை. தமிழ் எழுத்துகள்தாம் இன்னும் வரவில்லையே!

அந்த எழுத்துகள் செருமானிய நாட்டின் ஹாலே நகரில் உருவாகிக் கொண்டிருந்தன. தரங்கம்பாடியிலிருந்து எழுத்து வடிவங்களை வரைந்து அனுப்பினர். தமிழைக் கண்ணால் கூடக் கண்டிராத தொழிலாளர்கள் அவற்றைப் பார்த்துச் செய்தனர். அச்செழுத்து செய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஃகுத் துண்டின் முனையில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். அதைச் செம்பின்மேல் அடித்துப் பள்ளமான வடிவம் எடுக்க வேண்டும். அந்தப் பள்ளத்தில் உருக்கிய ஈயக் கலவையை ஊற்றி ஒவ்வோர் எழுத்தாக வார்க்க வேண்டும். ஆங்கிலம் போன்ற மொழிகளுக்கு இது எளிது. தமிழில் கால், கொம்பு, இரட்டைக் கொம்பு ஆகியவற்றைத் தனி அச்சாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் கு, கூ தொடங்கும் உகர ஊகார வரிசை 36 எழுத்துகளுக்கும் என்ன செய்வது? ஒவ்வொன்றும் தனி வடிவம். அந்நாளைய ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியனவும் தனி வடிவங்களே. முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் 'று', 'ழு', 'மு' எழுதத் தடுமாறும்போது நான் அந்த ஹாலே நகரத் தொழிலாளர்களை நினைத்துக் கொள்வதுண்டு.

1713இல் அந்த எழுத்துகளுடன் யோகான் கோட்லீப் ஆட்லர் என்ற தொழில் வல்லுநரும் அவருடைய இளைய தம்பியும் மற்றொருவரும் தரங்கம்பாடி வந்து சேர்ந்தனர். பொறி வந்தாயிற்று, எழுத்து வந்தாயிற்று, ஆளும் வந்தாயிற்று. சிறு நூல்கள் சில அச்சாயின. பெரிய நூலை எடுத்தபோதுதான் புதிய சிக்கல் தெரிந்தது. ஹாலே எழுத்துகள் அளவில் மிகப் பெரியவை. எழுத்து பெரிதானால் வரிக்குச் சொற்கள் குறையும், பக்கம் பெருகும், தாள் அதிகம் வேண்டும். தாளோ ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வர வேண்டிய பொருள். கையிருப்பு போதாது.

ஆட்லர் இதற்கு ஒரு வழி கண்டார். தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் உள்ள பொறையாற்றில் எழுத்து வார்க்கும் பட்டறை அமைத்து, சிறிய தமிழ் எழுத்துகளை அங்கேயே வார்க்க முற்பட்டார். அதற்கு ஈயம் தேவை. எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? இலண்டன் கழகத்தார் உணவுக்காக அனுப்பிய பாலாடைக்கட்டிகள் ஈய உறையில் பொதியப்பட்டு வந்தன. அந்த உறைகளை உருக்கித் தமிழ் எழுத்து வார்த்தார்கள்! வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் சிரித்து மாளாது. அந்த வாரம் முழுவதும் "டீச்சர், சீஸ் எழுத்து" என்றே பேசித் திரிவார்கள். மையும் அங்கேயே காய்ச்சப்பட்டது. பிறகு பொறையாற்றில் காகித ஆலை ஒன்றும் அமைத்தனர்.

1714 செப்டம்பரில் நூலின் முதற்பகுதி அச்சாகி முடிந்தது. 1715 சூலையில் முழுநூலும் நிறைவெய்தியது. கணக்கிட்டுப் பாருங்கள். மொழிபெயர்க்கத் தொடங்கிய நாள் முதல் ஆறு ஆண்டு ஒன்பது மாதம். எழுதியது இரண்டரை ஆண்டு. எழுதி முடித்த பின் ஆனது நான்கு ஆண்டுக்கும் மேல்.

அந்த நான்காண்டும் வீண் காத்திருப்பு என்று எழுதுபவர்கள் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. கையெழுத்துப் படியைப் படித்தும் கேட்டும் திருத்த அவகாசம் கிடைத்தது. சீகன்பால்குவுடன் பணியாற்றிய கிருண்ட்லர் அச்சுப் பணியில் தோள் கொடுத்தார். எழுத்துக் கோக்கவும் பொறியை இயக்கவும் உள்ளூரார் பழகிக் கொண்டனர். அதன் பயனை அடுத்த நூலில் காணலாம். 1719 பிப்ரவரியில் சீகன்பால்கு 36 வயதிலேயே மறைந்தார். பழைய ஏற்பாட்டின் தமிழாக்கத்தை அவர் பாதியில் விட்டுச் செல்ல, பின்வந்த சூல்ட்சே அதைத் தொடர்ந்து 1728க்குள் பகுதி பகுதியாக அச்சிட்டு முடித்தார். பட்டறை நின்றிருந்ததால் பணி நிற்கவில்லை.

நம் வட்டாரத்திற்குத் தமிழ் அச்சு மிகவும் பிந்தித்தான் வந்தது. கூலாயிலிருந்து ஜொகூர் பாலம் தாண்டினால் சிங்கப்பூர். அங்கே 1872இல் அச்சான 'முனாஜாத்துத் திரட்டு' இப்பகுதியில் வெளிவந்த மிகப் பழைய தமிழ் நூல்களுள் ஒன்று. 1887இல் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' இதழைத் தொடங்கினார். இவர்கள் கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இனி நம் பள்ளி நூலுக்கு வருகிறேன். இன்று ஈயம் வார்க்க வேண்டியதில்லை, கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் தாளின் கணக்கு மாறவில்லை. பெரிய தாளில் பல பக்கங்களை ஒருசேர அச்சிட்டு மடிப்பதால், நூலின் பக்கங்கள் பெரும்பாலும் 8 அல்லது 16இன் மடங்காக அமைகின்றன. 64 பக்கத்திற்கு விலை பேசிவிட்டு 65ஆம் பக்கத்தில் இரண்டு வரி வழிந்தால், நெருக்கடியில் இருப்பவர் வெட்டத்தான் செய்வார். எங்கள் 2011 மலரில் நேர்ந்ததும் இதுவே. ஆட்லர் எழுத்தைச் சிறிதாக்கினார். நாங்கள் கதையைச் சிறிதாக்கிவிட்டோம்.

ஆகையால் நான் சங்கத்தாரிடம் எழுதிக் கொடுத்துள்ள கால அளவு ஏழு மாதம். கதைகளை மாணவர்கள் எழுதித் திருத்தி மறுபடி எழுத மூன்று மாதம்; இதில் ஒரு நாளையும் குறைக்க மாட்டேன். தட்டச்சுக்கும் பக்க வடிவமைப்புக்கும் ஒரு மாதம். மெய்ப்பு மூன்று முறை: முதல்முறை ஆசிரியர்கள், இரண்டாம் முறை கதை எழுதிய மாணவர்களும் அவர்தம் பெற்றோரும், மூன்றாம் முறை இதுவரை அந்தக் கதைகளைப் படித்திராத ஒருவர். பழகிய கண்ணுக்குப் பிழை தென்படாது. லகர ளகர மயக்கத்தை நானே பலமுறை தாண்டிப் போயிருக்கிறேன். இதற்கு ஆறு வாரம். இதற்கிடையே தேசிய நூலகத்திற்கு விண்ணப்பித்து அனைத்துலகத் தர நூல் எண் பெற வேண்டும். அச்சகத்தின் பெயரும் முகவரியும் நூலில் இடம்பெற வேண்டும் என்பது 1984ஆம் ஆண்டுச் சட்டம். எஞ்சிய ஆறு வாரம் அச்சுக்கும் கட்டமைப்புக்கும். நூல் வெளிவந்த ஒரு மாதத்திற்குள் ஐந்து படிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது 1986ஆம் ஆண்டுச் சட்டம். இதைப் பல பள்ளிகள் மறந்துவிடுகின்றன. நம் பிள்ளைகளின் எழுத்து நாட்டின் நூலகத்தில் நிலையாக இருக்க வேண்டாமா?

பரிசளிப்பு விழாவுக்கு வேறு பரிசு வாங்கிக் கொள்ளலாம் என்று சங்கத் தலைவர் ஒப்புக்கொண்டார். முன்மொழிந்த தந்தைக்குச் சற்று வருத்தம்தான். அவர் மகள் இவ்வாண்டு ஆறாம் ஆண்டு. நூல் வெளிவரும்போது இடைநிலைப்பள்ளியில் இருப்பாள். வெளியீட்டு விழாவுக்கு அவளைக் கட்டாயம் அழைப்போம் என்று உறுதி கூறியுள்ளேன்.

2011இல் இறுதிப் பத்தியை இழந்த அந்த மாணவனைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். விழா நாளில் அவன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் தன் படியை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தான். அந்தப் பக்கத்தின் அடியோரத்தில், விடுபட்ட பத்தி முழுவதையும் பென்சிலால் பொடி எழுத்தில் எழுதியிருந்தான். "மற்ற புத்தகத்திலயும் நானே எழுதிக் கொடுக்கட்டுமா டீச்சர்?" என்று கேட்டான். முந்நூறு படிகள் அச்சிட்டிருந்தோம்.