கேதுருவின் விலை

தாடிக்கொம்பிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் பனையையும் புளியையும் வேம்பையும் அறியாதார் இலர். ஆனால் 92ஆம் திருப்பாடல் திருவழிபாட்டில் ஒலிக்கும்போது, நேர்மையாளருக்கு உவமையாக வரும் லெபனோனின் கேதுருவை நம் மக்கள் எந்த மரமாக எண்ணிப் பார்ப்பர்? பேரீச்சையையாவது நம் ஊர் ஈச்சையைக் கொண்டு ஊகிக்கலாம். கேதுருவுக்கு அந்த வழியும் இல்லை.

பெயரே நம்மைக் குழப்புகிறது. கிரேக்கத்தின் 'கெத்ரோஸ்' வழி வந்தது கேதுரு. சாலமோன் கேட்டுப் பெற்ற மற்றொரு மரத்தைச் சீர்திருத்தத் திருச்சபையாரின் பழைய மொழிபெயர்ப்பு 'தேவதாரி' என்றது. அதுவோ சைப்பிரசு வகை மரம் என்பர். வேடிக்கை என்னவெனில், இமயமலையின் தேவதாருதான் உண்மையான கேதுரு இனத்தைச் சேர்ந்தது! நம் வறண்ட புதர்க்காடுகளில் தேவதாரம் எனப்படும் சிறுமரம் ஒன்றுண்டு. கட்டையின் மணத்தால் அப்பெயர் பெற்றதேயன்றி, அது ஊசியிலை மரமன்று.

லெபனோன் மலைகளில் ஓங்கி வளரும் கேதுரு என்றும் பசுமையானது. பிசினின் மணம் கமழ்வது. பூச்சியும் அழுகலும் அதன் மரத்தை எளிதில் அணுகா. எகிப்தியர் தம் மன்னன் கூபுவின் பிரமிடருகே புதைத்த கேதுருப் படகு, 4,500 ஆண்டுகளுக்குப் பின் 1954இல் கிடைத்தபோதும் கெடாதிருந்தது. இத்தகைய மரத்தை அரசர்கள் விரும்பியதில் வியப்பில்லை. அதை யார் வெட்டினர், யார் சுமந்தனர் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

தாவீது கேதுரு மாளிகையில் குடியேறியபின், கடவுளின் பேழை கூடாரத்தில் இருப்பதை எண்ணி வருந்தினார். அதற்கு நாத்தான் வழியாகக் கிடைத்த மறுமொழி நாம் ஊன்றிக் கவனிக்கத் தக்கது. கேதுரு மரத்தால் எனக்குக் கோவில் கட்டுமாறு எந்தத் தலைவனையேனும் நான் கேட்டதுண்டா என்பதே அதன் கருத்து (2 சாமு 7). கடவுள் கேட்காத மரத்தைத் தேடித்தான் சாலமோன் தீர் நாட்டு மன்னன் ஈராமிடம் ஆளனுப்பினார்.

அரசர் முதல் நூல் கணக்கை மறைக்கவில்லை. இஸ்ரயேல் முழுவதிலுமிருந்து 30,000 பேர் கட்டாய வேலைக்குப் பிடிக்கப்பட்டனர். மாதம் 10,000 பேராக லெபனோனுக்குச் சென்றனர். ஒரு மாதம் காட்டிலும் இரு மாதம் வீட்டிலும் கழித்தனர். மரங்கள் கட்டுமரங்களாகப் பிணைக்கப்பட்டுக் கடல்வழி வந்தன. ஆண்டுதோறும் 20,000 கோர் அளவு கோதுமை ஈராமுக்குச் சென்றது. கோவிலுக்கு ஆன காலம் 7 ஆண்டுகள். அரசரின் மாளிகைக்கோ 13! இறுதியில் கலிலேயாவின் இருபது ஊர்களையே சாலமோன் ஈராமுக்குக் கொடுத்தார். அவ்வூர்களின் மக்கள் என்ன நினைத்தனர் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

சாலமோனின் மறைவுக்குப் பின் மக்கள் ரெகபெயாமிடம் கேட்டது நுகத்தைச் சற்றுத் தளர்த்துமாறு மட்டுமே. அவர் மறுத்தார், நாடு இரண்டானது. கட்டாய வேலைக்குப் பொறுப்பாளராயிருந்த அதோராமை அமைதிப்படுத்த அனுப்பியபோது மக்கள் அவரைக் கல்லால் எறிந்து கொன்றனர். லெபனோன் பணியை மேற்பார்த்த அதோனிராமே இவர் என அறிஞர் பலர் கருதுகின்றனர். கொலையை நாம் நியாயப்படுத்தவில்லை. எனினும் கேதுருவின் நறுமணத்தைப் பற்றி மறையுரை ஆற்றுவோர் இக்கல்லெறியையும் சொல்லியாக வேண்டும்.

இறைவாக்கினர் எரேமியா இதைச் சொல்லத் தயங்கவில்லை. கூலி கொடாமல் பிறரை உழைக்கச் செய்து, தம் மாளிகைக்குக் கேதுருப் பலகை வேய்ந்த யோயாக்கிமை நோக்கி, கேதுருவில் போட்டியிடுவதால் நீ அரசனாகிவிடுவாயோ என்ற பொருளில் கேட்டார் (எரே 22). எசாயா நூலிலோ மரங்களே பேசுகின்றன. பாபிலோன் மன்னன் மாண்டபின் வெட்டுவோன் எவனும் தங்களிடம் வரவில்லை என்று லெபனோனின் கேதுருக்கள் மகிழ்கின்றன (எசா 14). அவற்றை வெட்டியதைப் பெருமையாக நெபுகத்னேசர் பொறித்த கல்வெட்டு லெபனோனில் இன்றும் உள்ளது.

உரோமைப் பேரரசன் ஆதிரியான், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், நான்கு வகை மரங்களைத் தனக்கென ஒதுக்கி அம்மலைப் பாறைகளில் எல்லைக் குறிப்புகள் பொறித்தான். மரத்தின்மீது கொண்ட அன்பினால் அன்று, மரக்கலங்களின் தேவையால். நம் நாட்டிலும் அதுவே நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருப்புப்பாதைக் கட்டைகளுக்காக இமயத்தின் தேவதாருக்கள் வெட்டப்பட்டு பாகீரதி ஆற்றில் மிதக்கவிடப்பட்டன. காடழிவு அரசையே அஞ்சவைத்தபின்தான் 1864இல் வனத்துறை அமைந்தது.

பிஷாரி ஊருக்கு அருகே 'ஆண்டவரின் கேதுருக்கள்' எனப்படும் தோப்பில் இன்று எஞ்சியிருப்பவை சில நூறு மரங்களே. அங்கே 1843இல் மாரோனைட் திருச்சபையார் ஒரு சிற்றாலயம் எழுப்பினர். ஆடுகள் இளங்கன்றுகளை மேயாதிருக்க 1876இல் விக்டோரியா அரசியின் பொருளுதவியால் சுற்றுச்சுவர் எழுந்தது. 1998இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. ஆகஸ்டு 6, ஆண்டவரின் உருமாற்ற விழாவன்று, அம்மரங்களிடையே திருப்பலி நிறைவேறுகிறது. கோடரி நின்றுவிட்டது, ஆனால் பனிப்பொழிவு குறைகிறது. குளிர்ச்சியை நாடிக் கேதுரு மேலே ஏற வேண்டியிருக்கிறது; லெபனோன் மலைக்கும் ஓர் உச்சி உண்டு.