தொடங்கிய இடத்துக்கு மீளுதல்: அடுகோடியும் எந்திரங்களின் தொடக்கநிலையும்

ஓர் எந்திரத்தின் துல்லியம் அது சென்று சேரும் இடத்தைக் கொண்டு மட்டும் அளக்கப்படுவதில்லை. புறப்பட்ட இடத்துக்கு அது எத்தனை முறை பிசகாமல் மீள்கிறது என்பதே துல்லியத்தின் அடிப்படை. நகரும் பாகங்கள் அளவுகளைக் கணக்கிடத் தொடங்கும் நிலையான புள்ளி ‘தொடக்கநிலை’ எனப்படும். பட்டறைத் தமிழில் அது ‘ஹோம்’ அல்லது ‘ரெஃபரன்ஸ்’. இந்தப் புள்ளி முதலில் இரும்பிலும், பின்னர் மின்துடிப்பிலும், இறுதியில் நினைவகத்திலும் குடியேறிய வரலாற்றைப் பெங்களூரு ஓசூர் சாலையில் உள்ள அடுகோடியை முன்வைத்து விளக்கலாம்.

ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தின் இந்தியக் கிளையாக 1951-இல் நிறுவப்பட்டு, ‘மைக்கோ’ என்ற சுருக்கப்பெயரால் அறியப்பட்ட மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, அந்தப் பத்தாண்டிலேயே அடுகோடியில் ஸ்பார்க் ப்ளக்குகளையும் டீசல் எஞ்சின்களுக்கான எரிபொருள் பம்புகளையும் தயாரிக்கத் தொடங்கியது. ஸ்டுட்கார்ட்டில் 1927-இல் தொடர் உற்பத்திக்கு வந்த பம்பின் வழிவந்த இப்பொருளின் உயிர்நிலை, ‘ப்ளஞ்சர்’ என்னும் சிறு உலக்கையும் அது ஏறியிறங்கும் உருளையும் சேர்ந்த இணையாகும். லாரி மெக்கானிக்குகள் ‘எலிமென்ட்’ என்று அழைக்கும் இவ்விணையில் இரண்டுக்கும் இடையே விடப்படும் இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அவற்றில் சில கூறுகளே.

இந்தப் பம்பே மீளுதலை நம்பி இயங்குவது. ‘கேம்’ எனப்படும் முட்டைவடிவச் சக்கரம் ப்ளஞ்சரை மேலே தள்ள, சுருள்வில் அதை ஒவ்வொரு முறையும் கீழே அதே இடத்துக்கு இழுத்துவருகிறது. பம்பை எஞ்சினில் பூட்டும்போது இரண்டின் தொடக்கநிலைகளும் பொருந்த வேண்டும். இதையே நாமக்கல், சங்ககிரி போன்ற லாரித்தொழில் ஊர்களின் பட்டறைகளில் ‘டைமிங் வைப்பது’ என்பார்கள். எஞ்சினின் ‘ஃப்ளைவீல்’ சக்கரத்தில் வெட்டியிருக்கும் கோட்டைக் குறிமுள்ளுக்கு நேராக நிறுத்திவிட்டு, வளைந்த சிறு குழாயில் சொட்டும் டீசல் எந்தக் கணத்தில் நிற்கிறதோ அதையே எரிபொருள் செலுத்தலின் தொடக்கமாகக் கொள்வது இதன் பழைய முறை.

இத்தகைய பாகங்களைப் பெருந்தொகையாகக் கடைந்தெடுத்த எந்திரங்களில், தொடக்கநிலை வெகுகாலம் ஓர் இரும்புத் துண்டாகவே இருந்தது. கேப்ஸ்டன் லேத்தில் உளி நகரும் தூரத்தை முட்டித் தடுக்கும் ‘ஸ்டாப்பர்’ திருகுகள் வரையறுத்தன. அமெரிக்கரான கிறிஸ்டபர் ஸ்பென்சர் 1873-இல் காப்புரிமை பெற்ற தானியங்கி லேத்தின் வழியில் வந்த எந்திரங்களில், கேமின் ஒரு முழுச்சுற்று முடிந்ததும் உளி தானாகவே பழைய இடத்தில் வந்து நின்றது. மின்சாரம் போனாலும் இந்த எந்திரங்களுக்கு எதுவும் மறக்கவில்லை. ஆனால் புதிய பாகம் ஒன்றைச் செய்ய வேண்டுமானால் கேமையே மாற்ற வேண்டியிருந்தது.

1952-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் எண்களால் கட்டுப்படுத்தப்படும் அரைவை எந்திரத்தைக் காட்டியபோது அந்த இறுக்கம் தளர்ந்தது. அதன் வழியில் வந்த, கணினி கட்டுப்படுத்தும் சி.என்.சி. எந்திரங்களோ மறதியையும் உடன்கொண்டு வந்தன. மோட்டாரின் சுழற்சியைத் துடிப்புகளாக்கி எண்ணித்தரும் ‘என்கோடர்’ எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதைச் சொல்லுமே தவிர, எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லாது. ஆகவே மின்சாரம் நின்று திரும்பும்போதெல்லாம், இயக்குபவர் முதல் வேலையாக ‘ரெஃபரன்ஸ் எடுக்க’ வேண்டும். மேசை வேகமாகச் சென்று, ‘டாக்’ எனப்படும் இரும்புக் கட்டையால் லிமிட் ஸ்விட்ச் அழுத்தப்பட்டதும் வேகம் குறைந்து, ஸ்விட்ச் விடுபட்டபின் என்கோடர் ஒரு சுற்றுக்கு ஒரே முறை தரும் குறித்துடிப்பு வரும் இடத்தில் நின்றுவிடும். அந்த இடமே அன்றைய சுழியம்.

இரண்டு அடையாளங்கள் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. எண்ணெயும் உலோகச்சீவலும் வெப்பமும் படும் ஸ்விட்ச் ஒவ்வொரு முறையும் சற்று முன்பின்னாகவே இயங்கும் என்பதால், எந்தச் சுற்று என்று தேர்வதோடு அதன் பணி முடிகிறது. அச்சுற்றுக்குள் சரியான புள்ளியைக் குறித்துடிப்பே தருகிறது. டாக் இடம்மாறி, ஸ்விட்ச் விடுபடும் கணம் குறித்துடிப்புக்கு மிக அருகில் வந்துவிட்டாலோ, ஒருநாள் சரியாக நிற்கும் மேசை மறுநாள் ஒரு முழுச்சுற்று தள்ளி நிற்கும்; மோட்டாரோடு நேராக இணைந்து மேசையை நகர்த்தும் திருகின் புரியிடைத்தூரம் 10 மில்லிமீட்டர் என்றால் பிழையும் 10 மில்லிமீட்டர். புரிகளுக்கு இடையிலுள்ள தளர்வான ‘பேக்லாஷ்’ குறுக்கிடாதிருக்க எப்போதும் ஒரே திசையிலிருந்து நெருங்குவதும், ஒரு மீட்டர் எஃகு ஒரு டிகிரி வெப்பத்துக்கு ஏறத்தாழ 0.011 மில்லிமீட்டர் நீளும் என்பதால் எந்திரத்தைச் சற்று ஓடவிட்டுச் சூடேற்றியபின் வேலை தொடங்குவதும் இத்தொழிலின் ஒழுக்கங்கள்.

ஜாலஹள்ளியில் 1953-இல் அமைந்த எந்திரக் கருவித் தயாரிப்பாளரான எச்.எம்.டி., துமகூரு சாலையில் 1962-இல் நிறுவப்பட்ட மத்திய எந்திரக் கருவி நிறுவனம், பீன்யாவின் எண்ணற்ற பட்டறைகள் ஆகியவற்றால் பெங்களூரு எந்திரங்களைப் பயன்படுத்தும் நகரமாக மட்டுமன்றி அவற்றை உருவாக்கும் நகரமாகவும் வளர்ந்தது. 1985-இல் ராய்ச்சூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கும்வரை கர்நாடகம் பெரிதும் நீர்மின்சாரத்தையே நம்பியிருந்ததால், மழை பொய்த்த ஆண்டின் மின்வெட்டு ஆலைகளையும் தாக்கியது. இத்தகைய சூழலில், நின்றால் மறக்கும் எந்திரத்தைவிட மறக்காத எந்திரத்தின் அருமை எளிதில் விளங்கும். மின்கலத்தின் துணையால் தன் நிலையை எப்போதும் நினைவில் வைத்திருக்கும் ‘அப்சல்யூட்’ என்கோடர் இக்குறையைப் போக்கியது. காலையில் ரெஃபரன்ஸ் எடுக்கும் வழக்கம் புதிய எந்திரங்களில் மறைந்துவருகிறது.

அடுகோடியும் மாறியது. மைக்கோ 2008-இல் பாஷ் லிமிடெட் எனப் பெயர் மாற்றம் பெற்றது. உற்பத்தி நகருக்கு வெளியே உள்ள பிடதிக்குச் சென்றது. பழைய வளாகம் 2022-இல் ‘ஸ்பார்க்.நெக்ஸ்ட்’ என்ற பெயரில் மென்பொருளும் பொறியியலும் சார்ந்த அலுவலகமாகத் திறக்கப்பட்டது. இரும்பிலிருந்து தகவலுக்கு நகர்ந்த தொடக்கநிலையின் பாதையும் இதுவே. ஆயினும் என்கோடரின் மின்கலம் தீர்ந்துவிட்டால், நினைவு முழுதும் அழிந்த அந்த எந்திரத்தைக் கையால் மெல்ல நகர்த்தி, நிலையான பாகத்திலும் நகரும் பாகத்திலும் தயாரித்தவர் இட்டுவைத்த இரு கோடுகளை நேர்நிறுத்தியே சுழியத்தை மீண்டும் கற்பிக்கிறார்கள். அக்கோடுகள், லாரிப் பட்டறையில் டைமிங் வைப்பவர் தேடும் கோட்டின் உறவே.