பட்டியலில் இல்லாத ரப்பர்

எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட், எண்ணெய் கசியாமல் காக்கும் சீல் என நெளிந்து கொடுக்கும் பாகங்களின் அசைவையும் தகைவையும் கணினியில் ஓட்டிப் பார்ப்பவர்களுக்குப் பழகிய பெயர் 'நியோ-ஹூக்கியன்'. ரப்பர் போன்ற பொருள்களின் குணத்தைச் சொல்லும் சூத்திரங்களில் மிக எளியவற்றுள் ஒன்று அது. 'நியோ' என்பது 'புதிய' என்று பொருள்தரும் கிரேக்க ஒட்டு. ஹூக், பிளஸ் ஒன் இயற்பியலில் வரும் அதே ராபர்ட் ஹூக்.

அவர் தம் விதியை 1676-இல் 14 லத்தீன் எழுத்துகளாகக் கலைத்து, அகரவரிசையில் அடுக்கி அச்சிட்டார். கண்டுபிடிப்பு தம்முடையது என்று பதிந்துவிட வேண்டும், ஆனால் யாருக்கும் புரியக் கூடாது! 1678-இல் அவரே புதிரை அவிழ்த்தார்: 'ஊட் டென்சியோ, சிக் விஸ்'. நீட்சி எவ்வளவோ விசையும் அவ்வளவு. உலோகம், மரம், கல், முடி, கொம்பு, பட்டு, எலும்பு, கண்ணாடி என்று மீள்தன்மையுள்ள எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்றார். நீண்ட பட்டியல்தான், ரப்பர் மட்டும் இல்லை. பிரெஞ்சு அறிவியலாளர் லா கொண்டமீன் தென்னமெரிக்காவிலிருந்து பாரிஸ் அகாதெமிக்கு ரப்பர் மாதிரிகளை அனுப்பியதே 1736-இல்தான்.

வந்த ரப்பர் விதிக்கு அடங்கவில்லை. சிறிதளவு நீட்சிவரை சரி. மேலே போனால் கணக்கு பிசகும். 1948-இல் இங்கிலாந்தில் ரொனால்ட் ரிவ்லின் பெரிய உருமாற்றங்களுக்கும் ஈடுகொடுக்கும் சூத்திரத்தை வகுத்து, அதற்கு நியோ-ஹூக்கியன் என்று பெயரிட்டார். ரப்பர் பட்டையை இருமடங்கு நீளத்துக்கு இழுக்க ஹூக் கணக்கில் 3 பங்கு விசை வேண்டுமென்றால், ரிவ்லின் கணக்கில் 1.75 பங்கே போதும்.

பிறகு ஹூக் பெயர் எதற்கு? வெறும் மரியாதைக்கு அல்ல. ரப்பர் கட்டையை இழுக்காமல், சீட்டுக்கட்டைச் சாய்ப்பதுபோல் பக்கவாட்டில் தள்ளினால், எவ்வளவு சாய்த்தாலும் ரிவ்லின் சூத்திரத்தில் சறுக்குத் தகைவு சாய்வுக்கு நேர்விகிதமாகவே நிற்கிறது. 'ஹூக்கியன்' என்பதற்கு அங்கே முழு நியாயம் இருக்கிறது. 'நியோ'வுக்கான நியாயம் இழுவையில்.

ரப்பரை மேலும் மேலும் இழுத்தால் ஒரு கட்டத்தில் அது சட்டென்று விறைக்கும். அந்த விறைப்பு இச்சூத்திரத்துக்குப் பிடிபடாது. அதற்கு வேறு மாதிரிகள் வந்தன.

மெல்வின் மூனி 1940-லேயே இரண்டு மாறிலிகள் கொண்ட சூத்திரம் ஒன்றைத் தந்திருந்தார். அதில் ஒன்றைப் பூஜ்யமாக்கினால் மிஞ்சுவது நியோ-ஹூக்கியன். மூனியின் சூத்திரத்தை இன்று பொறியாளர்கள் 'மூனி-ரிவ்லின்' என்கிறார்கள். தம் சூத்திரத்துக்கு ஹூக்கின் பெயரை வைத்த ரிவ்லினின் பெயர் ஒட்டிக்கொண்டது மூனியின் சூத்திரத்தில்.