வராமல் போன 2000

நமக்குப் பொழைப்பு புனேவில் பொட்டி தட்டுவது. 2020 ஊரடங்கில் அறையில் தனியாக மாட்டிக்கொண்டபோது, அறைத்தோழன் விட்டுப்போன ஒரு விளையாட்டுப் புத்தகம் கையில் கிடைத்தது. பெயர் 'ட்வைலைட்: 2000'. அமெரிக்காவின் ஜிடிடபிள்யூ நிறுவனம் 1984-ல் வெளியிட்டது. நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி நடத்தும் கதை.

மூன்றாம் உலகப்போரில் அணுகுண்டு விழுந்து அரசுகள் சரிந்துவிட்டன. போலந்தில் படை சிதறி நிற்கும் சிப்பாய்கள் நாம். சுடுவதைவிட சோறு தேடுவதுதான் பெரிய வேலை. டீசல் கிடையாது, சாராயம் காய்ச்சி ஊற்றினால்தான் வண்டி ஓடும்!

1985-ல் வந்த துணைநூல் 'தி ஃப்ரீ சிட்டி ஆஃப் கிராக்கோ'. யார் பக்கமும் சேராமல் தனித்து நிற்கும் நகரம். சும்மா கற்பனை என்று நினைத்தேன். தேடினால், 1815-ல் வியன்னா மாநாடு நிஜமாகவே கிராக்கோவைச் சுதந்திர நகரம் ஆக்கியிருக்கிறது! 1846-ல் ஆஸ்திரியா விழுங்கிவிட்டது.

நிஜ வரலாறு வேறு வழியில் போனது. 1989-ல் போலந்தில் ஆட்சி மாறியது. 1991-ல் சோவியத் ஒன்றியமே கலைந்தது. 1996-ல் ஜிடிடபிள்யூவும் கடையை மூடியது. 1999-ல் போலந்து நேட்டோவில் சேர்ந்தது. பயந்த 2000 வரவேயில்லை.

ஆனால் 1986-ல் வந்த 'கோயிங் ஹோம்' துணைநூல்தான் என்னை உலுக்கியது. ஜெர்மனியின் பிரேமர்ஹாவன் துறைமுகத்திலிருந்து கப்பல் கிளம்புகிறது. அதற்குள் போய்ச் சேர்ந்தால் சொந்த ஊர். புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னல் வழியே பார்த்தேன். மூட்டை முடிச்சோடு நெடுஞ்சாலையில் சனங்கள் நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கப்பலும் இல்லை, ரயிலும் இல்லை.