முதல் 512 பைட்

விலையில்லா மடிக்கணினி எங்கள் தெருவுக்கு வந்த வருஷம் எனக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. காரைக்குடியில் இஞ்சினியரிங் படிக்கிற பையன் என்றால் அவனுக்குக் கம்ப்யூட்டர் சரி பண்ணத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எந்தப் பிரிவில் படிக்கிறான், எத்தனை அரியர் வைத்திருக்கிறான் என்றெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள். 2012 கோடை முழுக்க நான் வீடு வீடாகப் போய் விண்டோஸ் போட்டுக்கொண்டிருந்தேன். காசு வாங்குவதில்லை. காபியும் பலகாரமும் கிடைக்கும்.

அந்தத் திட்டத்தை ஜெயலலிதா 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், தொடங்கிவைத்தார். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் டூ மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் கொடுத்தார்கள். முதல் ஆண்டு இலக்கே 9 லட்சத்துக்கு மேல். கொள்முதல் எல்காட் பொறுப்பு. 320 ஜிபி ஹார்டு டிஸ்க், 2 ஜிபி ரேம், மூடியில் முதல்வர் படம். பட்டனை அமுக்கினால் முதலில் வருவது ஒரு கறுப்புத் திரை. அதில் ஒரு சின்னப் பட்டியல்: பாஸ் லினக்ஸ், விண்டோஸ் 7. சில விநாடிக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாழ்க்கையில் முதன்முதலாகச் சொந்தக் கணினியைத் தொடுகிற லட்சக்கணக்கான பிள்ளைகளிடம் அது கேட்ட முதல் கேள்வி இதுதான். கேள்விக்கு என்ன அர்த்தம் என்று பெரும்பாலான பள்ளிகளில் யாரும் சொல்லித்தரவில்லை.

எங்கள் தெருக்கோடியில் ஒரு செட்டியார் வீடு. முகப்பிலிருந்து பின்வாசல் அடுத்த தெருவரை போகும். அவ்வளவு பெரிய வீட்டில் அப்போது குடியிருந்தது ஒரே ஒரு குடும்பம். மற்ற பங்காளிகள் சென்னை, கோவை, மலேசியா. அந்த வீட்டுப் பெண் பிளஸ் டூ முடித்திருந்தாள். பென்டிரைவ் வழியாக விண்டோஸில் வைரஸ் ஏறிவிட்டது என்று கூப்பிட்டார்கள். வளவில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய அப்பத்தா, நாங்கள் ஆச்சி என்போம், பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரே பெட்டிக்குள் ரெண்டு சிஸ்டம் இருக்கிறது, ஒன்றுக்கொன்று கலக்காது என்று எனக்குத் தெரிந்த மட்டும் விளக்கினேன்.

ஆச்சி கேட்டார்: "வேறு வச்சிருக்காகளாக்கும்?"

நகரத்தார் வீடுகளில் அது ஒரு சடங்கு. மகனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலம் போனதும் பெற்றவர்கள் அந்த ஜோடியை 'வேறு வைப்பார்கள்'. சண்டை போட்டுப் பிரிவது இல்லை. அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாம் கொடுத்து, அதே வீட்டுக்குள் தனி அடுப்பு மூட்ட வைப்பது. கல்யாணமான தம்பதி கோயில் கணக்கில் ஒரு புள்ளி. வளவைச் சுற்றியிருக்கும் அறைகளில் அவர்களுக்கென்று ஒன்று, அதற்குப் பூட்டுச் சாவி. முகப்பு, திண்ணை, வளவு, கிணறு எல்லாருக்கும் பொது. ஒரு கூரைக்குக் கீழ் நாலைந்து உலை கொதிக்கும். பார்ட்டிஷன் பற்றி அதற்குப் பிறகு நான் படித்த எந்தப் புத்தகமும் ஆச்சியின் அந்த ஒரு வாக்கியத்தைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை.

இந்த ஏற்பாடு கணினிக்குள் எப்படி வந்தது என்பதற்கு ஒரு தேதி இருக்கிறது. 1981இல் ஐபிஎம் தன் முதல் பிசியை அறிவித்தபோது அதற்கு மூன்று இயங்குதளங்களைச் சொன்னது: பிசி டாஸ், சிபி/எம்-86, யுசிஎஸ்டி பி-சிஸ்டம். அப்போது எல்லாம் ஃபிளாப்பி. வேறு சிஸ்டம் வேண்டுமென்றால் வேறு ஃபிளாப்பியைச் சொருகினால் போதும். 1983 மார்ச்சில் பிசி எக்ஸ்டி வந்தது. உள்ளே 10 எம்பி ஹார்டு டிஸ்க். அதைக் கழற்றி மாட்ட முடியாது. ஆக, கூடவே வந்த டாஸ் 2.0இல் எஃப்டிஸ்க் என்ற நிரலைச் சேர்த்தார்கள். ஒரே டிஸ்க்கை நான்கு பாகம்வரை பிரித்து, வேறு வேறு இயங்குதளங்களுக்குக் கொடுக்கலாம். இன்று ஒரு சினிமாப் பாட்டுக்குப் போதாத 10 எம்பியைப் பங்கு போட முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள்!

அந்தப் பங்குப் பத்திரம் இருக்கும் இடம் டிஸ்க்கின் முதல் செக்டார். மொத்தம் 512 பைட். கடைசி 2 பைட் முத்திரை. அதற்கு முந்தைய 64 பைட்தான் பாகப் பட்டியல்: நான்கு வரிகள், வரிக்கு 16 பைட். எந்தப் பாகம் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எந்த வகை என்று ஒவ்வொரு வரியும் சொல்லும். வரியின் முதல் பைட், இது துவக்க வேண்டிய பாகமா இல்லையா என்பதைக் குறிக்கும். மீதி 446 பைட்டில் ஒரு குட்டி நிரல். கணினிக்கு உயிர் வந்ததும் பயாஸ் இந்த 512 பைட்டை எடுத்து நினைவகத்தில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அடுத்து யார் எழுந்து வர வேண்டும் என்பதை அந்த 446 பைட் முடிவு செய்யும். இந்தக் கட்டுரையை நீங்கள் இதுவரை படித்த அளவில் ஒரு சிறு பங்குதான் அந்த இடம்.

பாகம் நான்கு. 446 பைட்டோ ஒன்றே ஒன்று. அறைக்கு அறை தனிப் பூட்டுப் போட்டுக் கொடுத்தவர்கள், தலைவாசல் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று எழுதிவைக்கவில்லை. கடைசியாக எழுதுகிறவனிடம் சாவி.

லினக்ஸ் பிறந்ததே இப்படி வேறு வைத்த ஒரு டிஸ்க்கில்தான். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஜனவரியில் ஒரு 386 வாங்கி அதில் மினிக்ஸ் போட்டுக்கொண்டார். தன் நிரலை மினிக்ஸுக்குள்ளிருந்தே எழுதினார். ஆரம்ப கால லினக்ஸ் மினிக்ஸின் கோப்பு முறையையே பயன்படுத்தியதற்குக் காரணம், ரெண்டும் ஒரே டிஸ்க்கைப் பகிர்ந்துகொண்டதுதான். அந்த வருஷமே ஒரு நாள் மோடம் வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு டயல் செய்யப்போய், கை தவறி அந்தக் கட்டளையை மோடத்துக்குப் பதில் ஹார்டு டிஸ்க்குக்கு அனுப்பிவிட்டார். மினிக்ஸ் இருந்த பாகம் பாழ். மறுபடி மினிக்ஸ் போடலாமா, இல்லை லினக்ஸிலேயே குடியேறிவிடலாமா என்று யோசித்தவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். அவ்வளவு பெரிய ஆளே பாகத்தை அழித்திருக்கிறார் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

1992இல் வெர்னர் அல்மெஸ்பெர்கர் எழுதிய லைலோ, 1995இல் எரிக் போலின் தொடங்கிய கிரப் எல்லாம் அந்த வாசலில் உட்கார்ந்து 'யார் வேண்டும்?' என்று கேட்கிற காவல்காரர்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் பார்த்த கறுப்புத் திரை கிரப் காட்டியது.

வாசலில் யார் உட்காரலாம் என்பது வெறும் நுட்பப் பிரச்சினை இல்லை என்று உலகத்துக்குத் தெரியவைத்தது பீஓஎஸ். ழான் லூயி காசே நடத்திய பீ நிறுவனத்தின் இயங்குதளம் அது. 1998 வாக்கில் ஜப்பானில் ஹிட்டாச்சி தன் கணினிகளில் விண்டோஸோடு பீஓஎஸ்ஸையும் போட்டு விற்றது. வாங்கியவர்கள் பட்டனை அமுக்கினால் விண்டோஸ் மட்டும் வந்தது. பட்டியலே கிடையாது. பீஓஎஸ் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தது. அதை எழுப்ப வேண்டுமானால் வாங்கியவரே வழிமுறையைத் தேடிப் படித்துத் தனியாகச் சில வேலை செய்ய வேண்டும். கணினி நிறுவனங்களோடு மைக்ரோசாஃப்ட் போட்ட உரிம ஒப்பந்தமே வேறொன்றை வாசலில் காட்டவிடாமல் தடுத்தது என்பது பீயின் குற்றச்சாட்டு. 2001இல் பீ தன் சொத்துகளைப் பாம் நிறுவனத்துக்கு விற்றது. 2002இல் வழக்குப் போட்டது. 2003இல் தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல் மைக்ரோசாஃப்ட் 2 கோடியே 32½ லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. கடையை மூடியபிறகு வந்த பணம்.

தமிழ்நாட்டு மடிக்கணினியில் அப்படி யாரும் மறைக்கவில்லை. பட்டியல் இருந்தது, ரெண்டு பேரும் இருந்தது. பாஸ் என்பது சென்னை சி-டாக்கில் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கி 2007 ஜனவரியில் வெளியிட்ட இயங்குதளம். விரிவு: பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். (பெயர் வைத்தவரைத் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும், 'பாஸ்' வரும்படி சுருக்கத்தை முதலில் முடிவு செய்தீர்களா என்று.) அதற்கு முன்பே, சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது எல்காட் அலுவலகமே சூசே லினக்ஸுக்கு மாறியிருந்தது. பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தின் முதல் தொகுதியில் நாங்கள் படித்தது எம்எஸ் ஆபீஸ் இல்லை, ஸ்டார் ஆபீஸ். எந்த ஊர் கம்ப்யூட்டர் சென்டரிலும் நான் பார்த்திராத ஒன்றை மனப்பாடம் பண்ணிப் பரீட்சை எழுதினேன். அதன் தம்பி ஓப்பன் ஆபீஸ் லினக்ஸில் சும்மா கிடைத்தது. ஆக எல்லாக் கண்ணிகளும் தனித்தனியாக இருந்தன, கோத்துக்கொடுக்க ஆள் இல்லை. பக்கத்தில் கேரளம் ஐடி அட் ஸ்கூல் திட்டத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, செய்முறைத் தேர்வையே லினக்ஸில் வைத்தது. நாம் பாகம் பிரித்துக் கொடுத்ததோடு சரி. எனக்கு இன்றும் கேரளத்தின் வழியைவிட நம்முடைய வழி பிடித்திருக்கிறது, ரெண்டையும் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. ஆனால் தேர்ந்தெடுக்கத் தெரியாதவனிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

வளவில் விட்ட இடத்துக்கு வருகிறேன். டிவிடியைப் போட்டு விண்டோஸை மறுபடி நிறுவினேன். நிறுவும்போது அது முதல் செக்டாரில் தன் துவக்க நிரலை எழுதிக்கொள்ளும், எல்லாரும் அறிந்த நடைமுறை. எல்லாரிலும் நான் இல்லை. திரும்பத் துவக்கியபோது கறுப்புத் திரை வரவில்லை, நேராக விண்டோஸ். எனக்குச் சந்தோஷம், சுத்தமாக இருக்கிறதே என்று.

"அண்ணே, அந்த இன்னொன்னு எங்கண்ணே?"

அவள் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பாஸில் தமிழ்த் தட்டச்சு சேர்ந்தே வந்திருந்தது. லீவில் அப்பத்தா பாடச் சொல்லி, தாலாட்டையும் கல்யாண வீட்டுப் பாட்டுகளையும் அதில் அடித்துவைத்திருக்கிறாள். பதினைந்து பக்கத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றாள்.

மை கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். லினக்ஸ் பாகத்தை விண்டோஸ் அதில் காட்டாது. சி இருந்தது, டி இருந்தது, வேறொன்றும் இல்லை. "போச்சும்மா" என்றேன். போகவில்லை. மாறியது வாசலில் இருந்த 446 பைட் மட்டும். ஒரு லினக்ஸ் சிடியில் துவக்கி ரெண்டு கட்டளை அடித்திருந்தால் பட்டியல் திரும்பியிருக்கும்.

பிறகு டிஸ்க் மேனேஜ்மென்டுக்குள் போனேன். பெயர் இல்லாத ஒரு பாகம் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. வேஸ்ட்டாக இருக்கிறதே, டி-யோடு சேர்த்துத் தருகிறேன், படம் ஏத்திக்கலாம் என்று அதை அழித்தேன். அப்போதும் போகவில்லை. பாகத்தை அழிப்பது என்பது பட்டியலில் ஒரு பதிவை நீக்குவது. பத்திரத்தில் பெயரை அடித்தால் அறைக்குள் இருக்கும் சாமான் காணாமல் போவதில்லை. இழந்த பாகத்தைத் தேடி எடுக்கிற டெஸ்ட்டிஸ்க் போன்ற இலவச நிரல்கள் அன்றே இருந்தன. ஆனால் நான் அந்த இடத்தை ஃபார்மேட் செய்து, என் ஹார்டு டிஸ்க்கிலிருந்து இருபது முப்பது படங்களை ஏற்றிக் கொடுத்தேன். அதில்தான் பாட்டு போனது. இரண்டு முறை 'போச்சு' என்று நான் சொன்னபோது அது உள்ளே இருந்தது. மூன்றாவது முறை நான் எதுவும் சொல்லவில்லை.

"பரவால்லண்ணே, திரும்ப அப்பத்தாகிட்ட கேட்டுக்கறேன்" என்றாள். எனக்கு அதிரசம் கொடுத்தார்கள்.

அதே 2012இல் விண்டோஸ் 8 வந்தது, கூடவே செக்யூர் பூட். 512 பைட்டின் காலம் முடிந்து யுஈஎஃப்ஐ. பாகப் பட்டியலில் நாலு என்ற எல்லை போயிற்று. ஒவ்வொரு சிஸ்டமும் தன் துவக்கக் கோப்பை வைத்துக்கொள்ளப் பொதுவாக ஒரு தனிப் பாகம். ஒருவர் வந்து இன்னொருவரை மிதிக்க வேண்டியதில்லை. ஆனால் கையொப்பம் உள்ளவர்களைத்தான் வாசல் உள்ளே விடும். பெரும்பாலான கணினிகளில் ஏற்கனவே பதிந்து வருவது மைக்ரோசாஃப்டின் சாவி. அதனால் லினக்ஸ்காரர்கள் ஷிம் என்றொரு சின்ன நிரலை எழுதி, அதற்கு மைக்ரோசாஃப்டிடமே கையொப்பம் வாங்க வேண்டியதாயிற்று. 2024 ஆகஸ்டில் விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று பழைய துவக்கிகளை நம்பகமற்றவை என்று தள்ளிவைக்க, ரெண்டு சிஸ்டம் வைத்திருந்த பலருடைய கணினியில் லினக்ஸ் எழவில்லை. எங்கள் அலுவலகத்திலும் ஒரு பையன் என்னிடம் வந்து, "அண்ணா, லினக்ஸ் போயிடுச்சு" என்றான். போகலடா, உட்காரு என்றேன். அன்று சாயங்காலம் அவனுக்குப் பட்டியல் வந்துவிட்டது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு அந்த வளவுதான் ஞாபகம்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அந்தப் பெண்ணைப் பார்த்தேன். கல்யாணமாகிக் கோவையில் இருக்கிறாள். ஒரு படைப்புக்காகப் பங்காளிகள் எல்லாரும் வந்து வீட்டைத் திறந்திருந்தார்கள். ஆச்சி இறந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. மறுபடி அவரிடம் கேட்டு எழுதினாளா என்று விசாரித்தேன். காலேஜ் சேர்ந்ததும் விட்டுப்போச்சுண்ணே என்றாள். பிறகுதான் சொன்னேன்: முதலில் மறைந்தது கதவு மட்டும், அப்புறம் பட்டியலில் ஒரு பதிவு, கடைசியில் நான் ஏற்றிய படங்கள்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"அப்ப நான் கேட்டப்ப உள்ளதான் இருந்துச்சா?"

"ஆமா."

"என்ன படம்ணே ஏத்துனீங்க?"

யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.