ரேழி

கம்மாபுரத்தில் எங்கள் ஓட்டு வீட்டின் திண்ணையைத் தாண்டி நிலைப்படிக்குள் கால் வைத்தால் முதலில் வருவது ரேழி. அதற்கு அப்புறம்தான் முற்றம், தாழ்வாரம், கூடம் எல்லாம். ஆயா அங்கே கயிற்றுக் கட்டிலைப் போட்டுவிட்டால் நாங்கள் உடம்பை ஒடுக்கிப் பக்கவாட்டில் நடப்போம். மல்லாட்டை மூட்டைகள் வந்து இறங்கிவிட்டால் கட்டிலுக்கும் இடம் இருக்காது.

ரகரத்தில் தொடங்குவதால் இதை வடசொல் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். நல்ல தமிழ்ச் சொல் அது: இடைகழி. தெருவுக்கும் வீட்டுக்கும் இடையே கழிந்து செல்லும் வழி. புகையிலை பொயலை ஆனதுபோல நடுவிலிருந்த ககரம் தேய்ந்தது. இரண்டு ரெண்டு ஆனதுபோல முதல் இகரம் உதிர்ந்தது. டகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் நிற்காது. ஆனாலும் சிலர் டேழி என்றே வைத்துக்கொண்டார்கள், பலர் வாயில் அது ரேழி ஆயிற்று. மணிலாக்கொட்டையை மல்லாட்டை ஆக்கிய தென்னார்க்காட்டு வாய்க்கு இது பெரிய காரியமா என்ன! நடை என்று சொல்லும் ஊர்களும் உண்டு. அதுவும் போவதைச் சொல்லும் பெயர்தான்.

இந்தச் சொல்லுக்கு ஒரு கோயிலே இருக்கிறது. கடலூரில் கடலைச் சேரும் தென்பெண்ணையின் கரையில், மேற்கே திருக்கோவலூர். மழை இரவில் ஆழ்வார்களில் ஒருவரான பொய்கையார் அங்கே ஓர் இடைகழியில் ஒதுங்கினார் என்பது வைணவ மரபு. ஒருவர் படுக்கலாம். பூதத்தார் வந்தார்; இருவர் உட்காரலாம். பேயாரும் வந்தார், மூவர் நிற்கலாம். நான்காவதாக ஒருவர் நெருக்கவே, யாரென்று பார்க்கப் பாட்டால் விளக்கேற்றினார்கள். அப்படிப் பிறந்தவை முதல் மூன்று திருவந்தாதிகள். பொய்கையார் தம் பாட்டில் இடைகழி என்ற சொல்லையே வைத்திருக்கிறார். அந்தப் பாசுரங்களைத் தேடித் தொகுத்தவர் எங்கள் கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் நாதமுனிகள். பிற்காலத்தில் வேதாந்த தேசிகர், நான்காவதாக வந்து நெருக்கிய அந்தப் பெருமாளைத் தேஹளீசன், அதாவது இடைகழிக்கு உடையவன் என்றே துதித்தார்.

கதையில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த அளவு. அடிக்கணக்கு இல்லை, படுக்க ஒருவர், உட்கார இருவர், நிற்க மூவர். எங்கள் ரேழியும் ஏறக்குறைய அதுதான். குறுகலாக இருந்ததால்தான் சித்திரை வெயிலிலும் முற்றத்துக் காற்று அதன் வழியே இழுத்துக்கொண்டு தெருவாசலுக்குப் போகும். சுண்ணாம்புச் சுவரில், சாய்ந்து உட்கார்ந்தவர்களின் தலையெண்ணெய்க் கறை வரிசையாக இருக்கும். தாத்தாவுடையது உயரத்தில், அதற்கு ஒரு சாண் கீழே ஆயாவுடையது. வெள்ளையடித்தாலும் மூன்று மாதத்தில் மறுபடி தெரியும். திண்ணையோடு அனுப்பிவிட முடியாத, கூடம் வரை கூப்பிடவும் பழகாத மனிதர்களை ஆயா உட்காரவைத்து மோர் கொடுத்தது அங்கேதான்.

இப்போது அந்த இடத்தில் மாடி வீடு. தெருக்கதவைத் திறந்தால் நேராக ஹால், எதிரே டிவி. மழையில் யாராவது நனைந்து வந்தால் அம்மா உள்ளேயிருந்தே, “கொடைய ரேழியில வைப்பா” என்கிறார். வந்தவரும் படிக்கட்டோரம் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே வருகிறார்.